இறால் ஓட்டை உடைக்கும் நொதி: மரபணு மாற்றிய பாக்டீரியா செய்வதும் செய்யாததும்

"இறால் ஓட்டைத் தின்னும் பாக்டீரியா", "கடல் உணவுக் கழிவை மருந்தாக்கும் மரபணு மாற்ற நுண்ணுயிர்" என்கிற மாதிரித் தலைப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. படித்தவுடன் மனதில் ஒரு படம் வந்துவிடும்: ஒரு தொட்டியில் ஓடுகளைக் கொட்டி, பாக்டீரியாவை ஊற்றி மூடி வைத்தால், சில நாளில் ஓடு காணாமல் போயிருக்கும். நடப்பது அதுவல்ல. மரபணு மாற்றப்பட்ட அந்த பாக்டீரியா பெரும்பாலும் ஓட்டைத் தொடுவதே இல்லை. சத்துக் கரைசல் நிரப்பிய மூடிய கலனில் வளர்கிறது, ஒரு நொதியைச் செய்து தருகிறது, அங்கேயே கொல்லப்படுகிறது. ஓட்டுக்குப் போவது அந்த நொதி மட்டும்தான்.

இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றலாம். ஆனால் செலவு, பாதுகாப்பு, பயன் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளை உடைக்கும் நொதிக்கான மரபணுவை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டும் வேலை 1986-லேயே முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் இறால் பதப்படுத்தும் ஊர்களில் ஓடு இன்னும் குவிந்துதான் கிடக்கிறது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஓட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கைட்டின் என்பது என்ன?

இறால், நண்டு ஓட்டிலும், வண்டு, கரப்பான் மேல்தோலிலும், காளானின் செல்சுவரிலும் பொதுவாக இருக்கும் பொருள் கைட்டின். ஊசிக் கணவாயைச் சுத்தம் செய்யும்போது உள்ளிருந்து கண்ணாடித் தகடு மாதிரி ஒன்றை உருவி எடுப்போம். அதுவும் கைட்டினும் புரதமும் சேர்ந்ததுதான். 1811-ல் ஹென்றி பிரகோனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி காளானிலிருந்து இதை முதலில் பிரித்தார். 1823-ல் ஓகுஸ்த் ஓடியே பூச்சிகளின் மேலுறையில் கண்டு, அங்கி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர், இறாலுக்கு அது அங்கிதான்.

வேதியியல்படி கைட்டின் ஒரு சர்க்கரைச் சங்கிலி. பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸ் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. கைட்டினும் அதே பாணியில் கோத்ததுதான், ஆனால் ஒவ்வொரு மணியிலும் அசிட்டமைடு என்ற சிறு குழு ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கும். அந்த மணியின் பெயர் என்-அசிட்டைல்குளுக்கோசமைன். உச்சரிக்கச் சிரமம் என்பதால் இங்கே அதை 'கைட்டின் மணி' என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

சங்கிலி தனியாக இருந்தால் உடைப்பது பெரிய காரியமில்லை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுக ஒட்டிப் படிகமாகிவிடுகின்றன. தேங்காய் நார் ஒவ்வொன்றும் மெல்லியது, கையால் அறுத்துவிடலாம். முறுக்கிக் கயிறாகத் திரித்தபின் அதே நாரை அறுக்க அரிவாள் வேண்டும். கைட்டின் அப்படித் திரிந்த நிலையில்தான் ஓட்டில் இருக்கிறது. தண்ணீரில் கரையாது, சாதாரணக் கரைப்பான்களில் கரையாது. நொதி என்பது ஒரு பெரிய புரத மூலக்கூறு. அது அந்த இறுக்கத்துக்குள் நுழைய இடமே இல்லை.

அதோடு ஓடு வெறும் கைட்டினும் இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம். இறால் தோலைக் கழுவி ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினால், ஓட்டின்மேல் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, அமிலத்தில் கரையும்போது கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. ஒரு இரவு விட்டுப் பார்த்தால் நொறுங்கிக்கொண்டிருந்த ஓடு வளையத் தொடங்கியிருக்கும், ஈரத் தாள் மாதிரி. மிச்சமிருப்பது பெரும்பாலும் கைட்டினும் அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் புரதமும். ஓட்டின் வகையைப் பொறுத்துச் சுண்ணாம்பு 20 முதல் 50 சதவீதம், புரதம் 20 முதல் 40, கைட்டின் 15 முதல் 40 என்று மாறும். இந்தச் சேர்க்கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

இயற்கையில் இதை உடைப்பது யார்?

உலகில் செல்லுலோஸுக்கு அடுத்து அதிகமாக உருவாகும் சர்க்கரைச் சங்கிலி என்று கைட்டினைத்தான் சொல்வார்கள். கடலில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகள் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவும் அப்படியே தங்கியிருந்தால் கடலடியே கைட்டின் கிடங்காக மாறியிருக்கும். மாறவில்லை என்றால், யாரோ உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள்தான் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்.

அவற்றில் ஆய்வாளர்கள் ஆழமாக ஆராய்ந்தது செர்ரேஷியா மார்செசென்ஸ் என்ற மண் பாக்டீரியா. இதன் பல வகைகள் சிவப்பு நிறமியைச் சுரப்பதால், ஈர உணவின்மேல் வளர்ந்தால் ரத்தம் சிந்தியது போல இருக்கும். 1819-ல் இத்தாலியில் சோளக்களி சிவந்துபோய் ஊரே அரண்டபோது கண்டறியப்பட்ட உயிர் இது. கைட்டின் கிடைத்தவுடன் இது ஒரு நொதிப் பட்டாளத்தையே வெளியே அனுப்புகிறது:

1. கைட்டினேஸ் சி: சங்கிலியை நடுவில் எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கே வெட்டும். வெட்டிவிட்டு விலகிவிடும்.

2. கைட்டினேஸ் ஏ, கைட்டினேஸ் பி: இவை சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நகர்ந்தபடியே இரண்டிரண்டு மணிகளாக நறுக்கும். ஏ ஒரு முனையிலிருந்து வரும், பி எதிர்முனையிலிருந்து வரும்.

3. கைட்டோபயேஸ்: நறுக்கி விழுந்த இரட்டை மணியை ஒற்றை மணிகளாகப் பிரிக்கும்.

4. சிபிபி21: மிகச் சிறிய புரதம். நெடுங்காலம் இது கைட்டினில் ஒட்டிக்கொள்ளும் புரதம் என்று மட்டுமே நினைத்திருந்தார்கள். இதன் கதை தனி.

கைட்டினேஸ் ஏ-யின் முப்பரிமாண அமைப்பு 1994-ல் வெளியானது. புரதத்தின் நடுவே ஆழமான ஒரு வாய்க்கால். அதன் சுவர்களில் தட்டையான வளைய அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. சர்க்கரை மணிகள் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு நகரும். அதனால்தான் ஒரு முறை பிடித்த சங்கிலியை இந்த நொதி சீக்கிரம் நழுவ விடுவதில்லை.

செர்ரேஷியாவையே வளர்த்தால் என்ன?

நியாயமான கேள்வி. உடைக்கத் தெரிந்த பாக்டீரியா கையில் இருக்கும்போது, அதன் மரபணுவை ஏன் வேறு ஒன்றுக்குள் திணிக்க வேண்டும்?

முதல் காரணம், செர்ரேஷியா நோய் உண்டாக்கக் கூடியது. மருத்துவமனைகளில் பலவீனமான நோயாளிகளுக்கு ரத்தத் தொற்று, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைத் தருவதாக அறியப்பட்ட கிருமி. ஆயிரக்கணக்கான லிட்டர் அளவில் அதை வளர்க்க எந்தத் தொழிற்சாலையும் தயங்கும். அடுத்தது, கைட்டின் இருந்தால்தான் அது நொதியைச் சுரக்கும்; சர்க்கரை கொடுத்தால் அடக்கிக்கொள்ளும். தனக்குத் தேவையான அளவுக்கு மேல் அது செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அப்புறம், எல்லா நொதிகளும் புரதம் தின்னும் நொதிகளோடு கலந்துதான் வெளியே வருகின்றன. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து அது என்ன செய்கிறது என்று பார்ப்பதோ, தேவையான விகிதத்தில் கலப்பதோ கடினம்.

ஈ.கோலைக்குள் மரபணு ஏறும் விதம்

மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. கைட்டினேஸ் ஏ 563 அமினோ அமிலங்கள் நீளம் கொண்டது. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் டிஎன்ஏவில் மூன்று எழுத்து வேண்டும். ஆக, ஏறத்தாழ 1,700 எழுத்துகளில் அந்தக் குறிப்பு முடிந்துவிடுகிறது. செர்ரேஷியா எழுதிய குறிப்பை, ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையும் படிக்கும், ஏனென்றால் உயிர்கள் எல்லாவற்றுக்கும் எழுத்துமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்று ஆய்வகங்களில் நடக்கும் வரிசை இது:

1. நகலெடுத்தல். செர்ரேஷியாவின் டிஎன்ஏவிலிருந்து அந்த 1,700 எழுத்துத் துண்டை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே பிசிஆர்தான். இப்போது வரிசையைக் கணினியில் கொடுத்துச் செயற்கையாகவே தயாரித்து வாங்கிக்கொள்வதும் உண்டு.

2. பிளாஸ்மிடில் சேர்த்தல். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகச் சுற்றும் வட்ட டிஎன்ஏ. வெட்டும் நொதியால் அதைத் திறந்து, நகலைப் பொருத்தி, ஒட்டும் நொதியால் மூடுகிறார்கள். பிளாஸ்மிடில் கூடவே ஒரு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவும் இருக்கும்.

3. உள்ளே ஏற்றுதல். கால்சியம் குளோரைடில் குளிரவைத்த ஈ.கோலையை 42 டிகிரி வெப்பத்தில் அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை வைத்தால் சில செல்கள் பிளாஸ்மிடை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் பரப்பினால் பிளாஸ்மிட் ஏறிய செல்கள் மட்டும் பிழைக்கும்.

4. ஸ்விட்ச் போடுதல். மரபணுவுக்கு முன்னால் ஒரு தொடக்கி வரிசை வேண்டும். இன்று அதிகம் பயன்படுவது டி7 என்ற வைரஸிலிருந்து எடுத்த தொடக்கி. பாக்டீரியா நன்றாகப் பெருகும்வரை அது அணைந்திருக்கும். ஐபிடிஜி என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்தவுடன் எரியும். அதன்பிறகு செல் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு கைட்டினேஸையே செய்யத் தொடங்குகிறது.

5. அறுவடை. செல்களைச் சுழற்றிப் படியவைத்து, உடைத்து, நொதியைப் பிரிக்கிறார்கள். நொதியின் ஓரத்தில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை வால் மாதிரி முன்கூட்டியே சேர்த்திருந்தால், அந்த வால் நிக்கல் ஏற்றிய மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிவிடலாம்.

ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. காலையில் ஒரு துளி விதைத்தால் மாலைக்குள் ஒரு பாட்டில் நிறைய செல்கள். வியப்பான இன்னொரு விஷயம், ஈ.கோலையின் சொந்த மரபணுத்தொகுதியிலேயே ஒரு கைட்டினேஸ் மரபணு இருக்கிறது. ஆய்வகச் சூழலில் அதை ஒரு புரதம் அமுக்கி ஊமையாக்கி வைத்திருக்கிறது.

தட்டில் தெரியும் வளையம்

மரபணு ஏறியதா, ஏறினாலும் நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு அழகான வழி உண்டு. கைட்டின் தூளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்ச்சியில் கரைத்து, பனிக்கட்டி நீரிலோ குளிர்ந்த எத்தனாலிலோ ஊற்றினால், அது திரும்பவும் படிந்து வரும். ஆனால் இப்போது தயிர் போன்ற கூழாக. அமிலம் போகும்வரை கழுவி எடுத்தால் கூழ்மக் கைட்டின். இதை அகார் என்ற கடற்பாசிக் கூழில் கலந்து தட்டில் ஊற்றினால் தட்டு முழுக்க நீர்மோர் நிறத்தில் கலங்கலாக இருக்கும். அதன்மேல் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வைத்து இரண்டு மூன்று நாள் விடுவார்கள். தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் கலங்கல் மறைந்து ஒரு தெளிந்த வளையம் தெரியும். அங்கே கைட்டின் உடைந்திருக்கிறது. வளையம் எவ்வளவு அகலமோ, நொதி அவ்வளவு தூரம் பரவி வேலை செய்திருக்கிறது.

செய்திகளில் வரும் படம் பெரும்பாலும் இந்த வளையம்தான். இங்கே ஒரு கவனம் தேவை. கூழ்மக் கைட்டின் என்பது அமிலத்தால் ஏற்கெனவே திரி பிரிக்கப்பட்ட கயிறு. நொதி நுழைய வேண்டிய இடைவெளியை அமிலம் முன்னமே செய்து கொடுத்துவிட்டது. கூழில் வேகமாக வேலை செய்யும் நொதி படிகக் கைட்டினில் தடுமாறுவது சாதாரணம். செர்ரேஷியாவின் கைட்டினேஸ் பி-யில் சங்கிலியைப் பிடித்துவைக்கும் ஒரு டிரிப்டோபான் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கைட்டினின் அசிட்டைல் குழுவை நீக்கிச் செய்யும், கரையக் கூடிய கைட்டோசான் மேல் அதன் வேகம் பல மடங்கு கூடியது. படிகக் கைட்டினில் வேகம் குறைந்தது. கயிற்றில் வேலை செய்ய விடாப்பிடி வேண்டும், தனி நாருக்கு அது வெறும் இடைஞ்சல். ஆகவே 'நொதியின் திறன் இத்தனை மடங்கு உயர்ந்தது' என்று ஒரு செய்தி சொன்னால், எந்தக் கைட்டினில் என்று கேட்பது அவசியம்.

உற்பத்தி எங்கே சிக்குகிறது?

மரபணு ஏறிவிட்டால் நொதி தானாகக் கொட்டும் என்று நினைக்கக் கூடாது. மூன்று இடங்களில் வழக்கமாக மாட்டும்.

1. உருண்டு போதல். புரதம் ஒரு நூல். அது சரியான வடிவத்தில் மடிந்தால்தான் நொதி. செல் அவசர அவசரமாகச் செய்யும்போது மடியாத நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி, கரையாத உருண்டைகளாகச் செல்லுக்குள் படிந்துவிடும். அளவு பார்த்தால் ஏராளம், வேலைத்திறன் சுழி. வளர்ப்பு வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 18, 20 என்று இறக்கி, மெதுவாகச் செய்யவைப்பது முதல் மருந்து.

2. வெளியே வராமை. ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள். கைட்டினேஸ் ஏ-யின் முன்னால் உள்ள வழிகாட்டித் துண்டை ஈ.கோலை புரிந்துகொண்டு உள்சவ்வைத் தாண்ட விடுகிறது, ஆனால் வெளிச்சவ்வைத் தாண்டாமல் இரண்டு சவ்வுக்கும் நடுவே நொதி தேங்கிவிடுகிறது. செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் ஆயிரம் பிற புரதங்களும் கலந்து வரும். ஒற்றைச் சவ்வு மட்டுமே கொண்ட பேசில்லஸ் சப்டிலிஸ் நேரே வெளியே துப்பிவிடும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு அது பிடித்தமான பாக்டீரியா.

3. தன் விளைபொருளே தடையாதல். உடைந்து விழும் இரட்டை மணிகள் சேரச் சேர கைட்டினேஸின் வாய்க்காலில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். பக்கத்திலேயே கைட்டோபயேஸ் இருந்து அதை ஒற்றை மணியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, ஒரு நொதி தயாரித்தால் போதாது.

இது நம்மை அந்தச் சிறிய புரதத்துக்குக் கொண்டுவருகிறது.

சிபிபி21: எல்லோரும் கவனிக்காமல் விட்ட புரதம்

என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய திருப்பம் இதுதான். 2005-ல் நார்வே உயிரறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, சிபிபி21 சேர்த்தால் மற்றக் கைட்டினேஸ்கள் அதிகமாக உடைக்கின்றன என்று காட்டியது. இது தானாக எதையும் உடைப்பதாக அப்போது தெரியவில்லை. கயிற்றைத் தளர்த்திக் கொடுக்கிறது போலும் என்றுதான் எண்ணினார்கள். 2010-ல் அதே குழு விடையைக் கண்டது. சிபிபி21 ஒரு நொதியே. ஆனால் மற்றவை நீரைக் கொண்டு பிணைப்பை அறுக்கும்போது, இது ஆக்ஸிஜனேற்றம் செய்து அறுக்கிறது. தட்டையான முகத்தோடு படிகத்தின் பரப்பில் போய் உட்கார்ந்து, சங்கிலியை வெளியே இழுக்காமலே, இருந்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் புதிய நுனி பிறக்கிறது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு கைட்டினேஸ் ஏ-யும் பி-யும் கிளம்புகின்றன.

இதன் மையத்தில் ஒரு செம்பு அயனி இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் பிடிகளில் ஒன்று புரதத்தின் ஆக முதல் அமினோ அமிலமான ஹிஸ்டிடின். முதல் அமினோ அமிலம் என்பதுதான் இங்கே விஷயம். ஈ.கோலைக்குள் எந்தப் புரதமும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தோடுதான் தொடங்கும். நிக்கல் வாலை முன்பக்கம் ஒட்டினால் இன்னும் மோசம். ஹிஸ்டிடின் நடுவில் போய்விடும், செம்பு சரியாக உட்காராது. அதனால் சிபிபி21-ஐச் செய்யும்போது முன்னால் ஒரு வழிகாட்டித் துண்டைச் சேர்க்கிறார்கள். புரதம் உள்சவ்வைத் தாண்டும்போது ஈ.கோலையே அந்தத் துண்டைச் சரியாக ஹிஸ்டிடினுக்கு முன்னால் நறுக்கிவிடுகிறது. ஒரு அமினோ அமிலம் கூடினாலும் குறைந்தாலும் நொதி முடமாகிவிடும். சுத்திகரிப்புக்கும் வால் தேவைப்படவில்லை. கைட்டினால் ஆன சிறு உருண்டைகள் நிரப்பிய குழாயில் ஊற்றினால் அது தானே ஒட்டிக்கொள்ளும், நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கழற்றி எடுக்கலாம்.

வேலை செய்யவும் இதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும். எலக்ட்ரான் தரும் பொருள் ஒன்று, உதாரணமாக வைட்டமின் சி, கூட இருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு இதற்கு உண்மையான எரிபொருள் என்று 2017-ல் தெரியவந்தது. கொஞ்சம் கொடுத்தால் வேகம் எகிறும், கூடினால் நொதி தன்னையே எரித்துக்கொள்ளும்.

உடைத்தால் என்ன கிடைக்கும்?

1 கிலோ தூய கைட்டினை முழுமையாக உடைத்தால் சுமார் 1.09 கிலோ ஒற்றை மணி கிடைக்க வேண்டும். எடை கூடுவது எப்படி என்றால், ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே சேர்கிறது. மூட்டுவலிக்கு மருந்துக் கடைகளில் விற்கும் குளுக்கோசமைன் இதன் உறவு. அதைப் பெரும்பாலும் அடர் அமிலத்தில் கைட்டினைக் கொதிக்கவைத்துச் செய்கிறார்கள்; கொதியில் அசிட்டைல் குழு கழன்றுவிடும். நொதி வழியில் போனால் அந்தக் குழு அப்படியே நிற்கும், கழிவமிலமும் மிஞ்சாது.

ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஒற்றை மணி இல்லை, ஆறு முதல் எட்டு மணி கொண்ட குறுஞ்சங்கிலி. பூஞ்சை தாக்க வரும்போது நெற்பயிர் அதன் செல்சுவரிலிருந்து சிதறும் இந்தக் குறுஞ்சங்கிலிகளை மோப்பம் பிடித்துத்தான் தற்காப்பைத் தொடங்குகிறது. நெல்லில் இதை உணரும் ஏற்பியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். இரண்டு மூன்று மணித் துண்டுக்குப் பயிர் பெரிதாக அசைவதில்லை. அமிலத்தால் உடைத்தால் எல்லா நீளமும் கலந்து வரும். குறிப்பிட்ட நீளம் வேண்டுமென்றால் நொதிதான் வழி. உடைக்கும் நொதிகளில் சிலவற்றைக் கொஞ்சம் மாற்றினால் குட்டைத் துண்டுகளை ஒட்டி நீளமாக்கவும் செய்கின்றன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் செர்ரேஷியாவின் இன்னொரு இனத்திலிருந்து எடுத்த கைட்டினேஸை ஈ.கோலையில் செய்து, இந்த ஒட்டும் திறனைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றி

கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் பதில் தெளிவாகும்.

1. மூடிய கலனில் வளர்த்து, கொன்று, நொதியை மட்டும் எடுத்தல். 1982 முதல் நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின் ஈ.கோலையில் இப்படித்தான் வந்தது. இங்கே பார்க்க வேண்டியவை நொதியில் உயிருள்ள செல் மிஞ்சியிருக்கிறதா, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு மிஞ்சியிருக்கிறதா, ஈ.கோலையின் வெளிச்சவ்வு நச்சு நீக்கப்பட்டதா என்பவை. ஓட்டிலிருந்து வரும் பொருளானால், இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் புரதம் முற்றிலும் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2. கைட்டினேஸ் மரபணு ஏறிய உயிருள்ள பாக்டீரியாவை வயலில் விடுதல். பயிர்ப் பூஞ்சையை அழிக்கவும், பூச்சிக் குடலின் கைட்டின் உறையை உடைக்கவும் இந்த யோசனை 1980-களிலிருந்தே இருக்கிறது. இது முற்றிலும் வேறு விஷயம். மண்ணில் உள்ள நல்ல பூஞ்சைகளுக்கும் செல்சுவர் கைட்டின்தான். விட்ட பாக்டீரியாவைத் திரும்ப அழைக்க முடியாது. இந்தியாவில் 1986-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்படி, இப்படி வெளியே விடுவதற்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் வேண்டும்.

முதல் வகைக்கு எழும் பயத்தை இரண்டாவதன் மேல் வைப்பதே சரி என்பது என் கருத்து.

ஓட்டுக்கும் நொதிக்கும் நடுவே

சரி, நொதி இருக்கிறது, துணை நொதியும் இருக்கிறது. ஓடு ஏன் இன்னும் குவிகிறது?

உலகில் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் நண்டு, இறால், சிங்கி இறால் ஓடு கழிவாகிறது என்பது 2015-ல் வெளியான ஒரு மதிப்பீடு. இந்தியா ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறால் ஏற்றுமதி செய்கிறது. பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைகளில் வளரும் வன்னாமி வகை இறால். தலையும் தோலும் உரித்து அனுப்பும்போது இறாலின் எடையில் கிட்டத்தட்ட பாதி இங்கேயே நின்றுவிடும். தூத்துக்குடி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று பதப்படுத்தும் ஊர்கள் எல்லாவற்றிலும் இதே நிலை.

அந்த ஓட்டின்மேல் நொதியை ஊற்றினால் என்ன ஆகும்? ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. வினிகர்த் தம்ளரில் பார்த்த சுண்ணாம்பும் அதற்கு அடுத்த புரதமும் கைட்டினை மூடியிருக்கின்றன. முதலில் அவற்றை நீக்க வேண்டும். இன்றைய வழக்கம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பையும், காஸ்டிக் சோடாவில் காய்ச்சிப் புரதத்தையும் எடுப்பது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டின், கைட்டோசான் தயாரிப்பு முறைகளை உருவாக்கித் தொழில் முனைவோருக்குத் தந்திருக்கிறது; தொழில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு கழுவலுக்கும் நிறைய நீர் வேண்டும், உப்பும் காரமும் கலந்த கழிவுநீர் மிஞ்சும். அதற்கு அப்புறம் நொதிக்குக் கிடைப்பது தூய கைட்டின், ஆனால் படிகமாக. அதை அரைத்தோ அமிலத்தில் கூழாக்கியோ கொடுத்தால்தான் வேகம் பிடிக்கும். கடைசி ஒரு படியில் மட்டும் நொதியைப் போட்டுவிட்டு முழு முறையையும் பசுமை என்று அழைத்தால், முன்னால் செலவான அமிலம் கணக்கில் வராமல் போகிறது.

இதற்கு மாற்றாக முயன்றுவரும் வழி ஒன்று நம் சமையலறைக்கு நெருக்கமானது. தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களைக் கொஞ்சம் சர்க்கரையோடு ஓட்டில் விட்டால், அவை விடும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். இறாலின் குடலிலேயே உள்ள புரதம் தின்னும் நொதிகள் மற்ற வேலையைத் தொடங்கும். கரைந்த புரதம் கெடாமல் தீவனமாகவும் மிஞ்சும். காஸ்டிக் சோடா அளவுக்குத் துப்புரவாக வராது, நாள்கணக்கில் ஆகும். ஆனால் கைட்டின் சங்கிலி கொதியில் அடிபடாமல் நீளமாக நிற்கும்.

இங்கே நேரம்தான் பெரிய எதிரி. உரித்துக் குவித்த இறால் தலை வெயிலில் சில மணி நேரத்தில் நாறத் தொடங்கும். அதைப் பத்துப் பதினைந்து தொழிற்சாலைகளிலிருந்து அள்ளி, ஐஸ் போட்டு, ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு நொதியின் விலைக்கு முன்பே வந்து நிற்கிறது. உரிக்கும் கூடத்துக்குப் பக்கத்திலேயே புளிக்கவைக்கும் தொட்டி இருந்து, அங்கிருந்து காய்ந்த கைட்டின் மட்டும் மூட்டையாகக் கிளம்பினால், ஈ.கோலையில் செய்த கைட்டினேஸும் சிபிபி21-ம் எங்கோ ஒரு நகரத்துக் கலனில் நிதானமாக அதற்காகக் காத்திருக்கலாம்.